விக்டோரியா அரங்குக்கு என்ன வயசு?

தேக்காவாசி

எல்லாருக்கும் வணக்கம். மக உயர்நிலை 2 படிக்கிறா. பழைய கட்டடம் ஒண்ணப் பத்தித் தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அவ எடுத்துக்கிட்டது சிங்கப்பூர் எம்பிரஸ் பிளேஸ்ல இருக்கற விக்டோரியா அரங்கு. நடுவுல மணிக்கூண்டு, ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி வெள்ளைக் கட்டடம், முன்னால நவீன சிங்கப்பூர உருவாக்கின ராஃபிள்ஸ் சிலையா கையக் கட்டிக்கிட்டு நிப்பாரே, அதேதான்.

முதல் வரியிலயே மாட்டிக்கிட்டோம். "இக்கட்டடம் ____ ஆம் ஆண்டு கட்டப்பட்டது." ஒரு புத்தகத்துல 1862. இன்னொண்ணுல 1905. மூணாவதா ஒரு இடத்துல 1909. என் மச்சான் வந்து, "எல்லாம் 2014ல கட்டினதுதான், நானே பாத்தேன், வருஷக்கணக்கா தகரம் வச்சு அடைச்சிருந்தாங்க"ங்கறான். எதை எழுதறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமை கொடுக்கணும்.

மணிக்கூண்டு மாமா

தம்பி, முதல் மூணும் சரி. மச்சான் சொன்னதும் பாதி சரி. எப்படின்னு சொல்றேன். நான் அந்த மேடைக்குப் பக்கத்துல விளக்கு வேலை பார்த்தவன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும். பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணு. அது ஒரு கட்டடம் இல்ல, ரெண்டு. நடுவுல நிக்கற மணிக்கூண்டு ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. ஒரு பக்கம் நாடக அரங்கு, மறுபக்கம் இசையரங்கு. நாடக அரங்குதான் மூத்தது.

1850கள்ல ஊர்ல நாடகம், நடனம், பொதுக்கூட்டம்னா ஃபோர்ட் கேனிங் குன்று அடிவாரத்துல ஒரு கொட்டகை இருந்துச்சு. அசெம்பிளி ரூம்ஸ்னு பேரு. தற்காலிகமாப் போட்டது, இத்துப்போயிடுச்சு. அதுக்குப் பதிலா உருப்படியா ஒரு டவுன் ஹால் வேணும்னு முடிவு பண்ணி, 1855 மார்ச் 17ல ஆளுநர் பட்டர்வொர்த் அடிக்கல் வச்சார். வரைபடம் நகராண்மைப் பொறியாளர் ஜான் பென்னட்டோடது. கட்டி முடிக்க 1862 ஆச்சு. ஏழு வருஷம்! இன்னைக்கு ஏழு வருஷத்துல ஒரு எம்ஆர்டி ரயில் பாதையே வந்துடும்.

கீழ்த்தளத்துல நாடக மேடை. மாடியில நகராண்மை அலுவலகம், கூட்ட அறை, அப்புறம் நூலகம். வரி கட்டறதும் அங்கதான், கூத்துப் பாக்கறதும் அங்கதான். அலுவலகத்துக்கு இடம் பத்தலைன்னு 1893ல நகராண்மைக்காரங்க வெளியேறினாங்க. இது மூத்தவன் கதை.

இளையவன் 1905. விக்டோரியா மகாராணி 1901ல செத்துப்போனதும் நினைவு மண்டபம் கட்டணும்னு ஊர்ல சந்தா வசூல் பண்ணினாங்க. டவுன் ஹாலுக்குப் பக்கத்துலயே இடம். ஏழாம் எட்வர்டு முடிசூடின 1902 ஆகஸ்ட் 9 அன்னைக்கு ஆளுநர் ஸ்வெட்டன்ஹம் அடிக்கல் வச்சார், 1905 அக்டோபர் 18ல அடுத்த ஆளுநர் ஜான் ஆண்டர்சன் திறந்து வச்சார். கூண்டுக்குக் கடிகாரம் 1906லதான் வந்துச்சு, ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி கொடுத்த அன்பளிப்பு. ஆக, சில மாசம் மணியில்லாத மணிக்கூண்டாத்தான் நின்னிருக்கு.

1909 என்னன்னு நாளைக்கு எழுதறேன். பேரன் தூங்கணும், என் மடியிலதான் தூங்குவான்.

சும்மா ஒருத்தன்

மாமா பாதியில நிறுத்திட்டாரே! அதுவரைக்கும் நான் ஒண்ணு சொல்றேன். இந்த மண்டபத்துலதான் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசாங்கத்த அறிவிச்சார். எங்க தாத்தா நேர்ல பார்த்திருக்கார். இத எழுதினா டீச்சர் நல்ல மார்க் போடுவாங்க.

கல்லுளிமங்கன்

ஐயா, அது கேத்தே. ஆர்ச்சர்ட் சாலை முனையில் இருந்த கேத்தே திரையரங்கில்தான் 1943 அக்டோபர் 21ஆம் தேதி அந்த அறிவிப்பு நடந்தது. அதே ஆண்டு ஜூலை 4ஆம் தேதி ராஷ் பிஹாரி போஸ் இந்திய சுதந்திர இயக்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்ததும் அங்கேதான். மறுநாள் ஜூலை 5ஆம் தேதி பாடாங் திடலில் படை அணிவகுப்பு. பாடாங் விக்டோரியா அரங்குக்குக் கூப்பிடு தூரம். உங்கள் தாத்தா திடலில் நின்று பார்த்திருப்பார், மணிக்கூண்டு கண்ணில் பட்டிருக்கும், ஞாபகத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த மணிக்கூண்டு அப்போது தோக்கியோ நேரம் காட்டிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் வந்ததும் ஊர்க் கடிகாரம் எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது.

சும்மா ஒருத்தன்

தாத்தா இப்ப இல்ல, இருந்தா சண்டைக்கு வந்திருப்பார். சரி, ஒத்துக்கறேன்.

ஆனா இன்னொண்ணு. இந்த டவுன் ஹாலக் கட்டினதே நம்ம ஆளுங்கதானே? சென்னையிலேர்ந்து கைதிகளக் கொண்டாந்து, முட்டையும் வெல்லமும் சுண்ணாம்புல கலந்து பூசி...

கல்லுளிமங்கன்

நீங்கள் சொல்வது செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அதே காலம்தான், 1856இல் தொடங்கினார்கள், அதனால்தான் குழப்பம் வருகிறது. இந்தியக் கைதிகள் உழைப்பில் எழுந்தது அது. முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், சுண்ணாம்பு, தேங்காய் நார் ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்த 'மதராஸ் சுண்ணாம்பு' பூச்சு அந்தச் சுவர்களில்தான். இஸ்தானா மாளிகையிலும் கைதிகளின் உழைப்பு உண்டு. அவர்களுக்குச் சேர வேண்டிய பெருமை அங்கேயே நிறைய இருக்கிறது. பார்க்கிற வெள்ளைக் கட்டடம் எல்லாவற்றுக்கும் அதைப் பூசினால் உண்மையானதும் நீர்த்துப்போகும். பிள்ளையின் கட்டுரை, பார்த்து.

நிலா டீச்சர்

கல்லுளிமங்கன் அண்ணன் சொல்வதை நான் வழிமொழிகிறேன். இந்த மாதிரிக் கட்டுரைகளைத் திருத்துகிறவள் என்ற முறையில். வருடா வருடம் பத்துப் பிள்ளைகளாவது முட்டைச் சுண்ணாம்பை எங்காவது கொண்டுவந்து பூசிவிடுகிறார்கள், போன வருடம் ஒருத்தன் மெர்லயன் சிலைக்கே பூசிவிட்டான்.

தேக்காவாசி அண்ணே, மகளிடம் யானையைப் பற்றிக் கேளுங்கள். ராஃபிள்ஸ் நிற்கிற இடத்தில் முதலில் நின்றது யானை.

தேக்காவாசி

யானையா?

நிலா டீச்சர்

ஆமாம். சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் சூலலங்கோன் 1871இல் சிங்கப்பூருக்கு வந்துபோனார். அதன் நினைவாக அனுப்பிய வெண்கல யானையை மறு வருடம் டவுன் ஹாலுக்கு முன்னால் ஒரு பீடத்தில் வைத்தார்கள். பீடத்தில் சயாம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம், ஆங்கிலம் என நான்கு மொழியில் எழுத்து உண்டு. தமிழ் இல்லை, தேடாதீர்கள், நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ராஃபிள்ஸ் அப்போது பாடாங்கில் நின்றார். 1887இல் மகாராணியின் பொன்விழாவுக்குத் திறந்த சிலை அது. திடலில் பந்து விளையாடுவார்கள் இல்லையா, பந்து போய் அவர் மேல் படும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பீடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். இந்த மரியாதைக்குறைவு பொறுக்காமல், 1919இல் நகரின் நூற்றாண்டு வந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு வந்து மணிக்கூண்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். யானை ஒதுங்கி, பக்கத்தில் பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. இன்றும் அங்கேதான்.

ஆற்றோரம் நிற்கும் வெள்ளை ராஃபிள்ஸ் 1972இல் வைத்த நகல். பிள்ளைகள் இரண்டையும் மாற்றி எழுதுவார்கள், அதையும் சொல்லி வையுங்கள்.

மணிக்கூண்டு மாமா

வந்துட்டேன். 1909 விஷயம்.

இளையவன் 1905ல புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னான். தூணும் வளைவும் முக்கோண நெற்றியுமா. ஸ்வான் அண்ட் மக்லாரன் கம்பெனியில பிட்வெல்னு ஒரு கட்டடக் கலைஞர். ராஃபிள்ஸ் ஹோட்டலோட பெரிய கட்டடம் அவர் வரைஞ்சது, கோலாலம்பூர்ல சுல்தான் அப்துல் சமாட் மாளிகையிலயும் அவர் கை உண்டு. சாமானியக் கை இல்ல. அப்படி ஒருத்தர் செஞ்ச புதுக் கட்டடத்துக்குப் பக்கத்துல நாற்பது வருஷத்துக்கு மேல பழசான டவுன் ஹால் எப்படி இருந்திருக்கும்? கல்யாண மாப்பிள்ளைக்குப் பக்கத்துல சமையல்காரர் நின்ன மாதிரி.

அதனால என்ன பண்ணினாங்க தெரியுமா? இடிக்கல. 1906லேர்ந்து மூணு வருஷம் வேலை பார்த்து, மூத்தவனோட முகத்த மாத்தி, இளையவனோட முகத்தையே ஒட்டிட்டாங்க. உள்ளேயும் முழுக்க நாடக அரங்கா மாத்தினாங்க. 1909 பிப்ரவரி 11ல முதல் நாடகம். சிங்கப்பூர் வெள்ளைக்கார அமெச்சூர் குழு ஒண்ணு கில்பர்ட்–சல்லிவன் இசைநாடகம் போட்டாங்க. டவுன் ஹால்ங்கற பேர் போயி விக்டோரியா தியேட்டர்னு ஆச்சு.

இப்பப் புரியுதா ஏன் மூணு வருஷமும் சரின்னு சொன்னேன்னு? நீங்க பாக்கறது ஒரே மாதிரி ரெண்டு முகம். அண்ணன் தம்பியா, ரெட்டைப் பிள்ளையான்னு கேட்டா எல்லாரும் ரெட்டைன்னுதான் சொல்வாங்க. நடுவுல 43 வருஷம் வித்தியாசம். சாதாரணமா தம்பிதான் அண்ணன் சட்டையப் போடுவான், இங்க தலைகீழ்.

வரைகோல்

மாமா அருமையாச் சொல்லிட்டார். நான் கட்டடக் கலைத்துறை. மணிக்கூண்டு 54 மீட்டர், பாக்கறவங்க கண்ணு அதுலயே நிக்கறதால, ரெண்டு பக்கமும் இருக்கற சின்னச் சின்ன வித்தியாசம் தெரியாது. அது சும்மா அழகுக்கு வச்ச கோபுரம் இல்ல. வயசும் அளவும் வேற வேறயா இருக்கற ரெண்டு பேர ஒரே குடும்பம்னு நம்ப வைக்கறதே அதுதான்.

சும்மா ஒருத்தன்

போர்க்காலத்துல என்ன ஆச்சு? யாரும் சொல்லல.

கல்லுளிமங்கன்

சுருக்கமாகச் சொல்கிறேன். குண்டு விழத் தொடங்கியதும் நினைவு மண்டபம் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை ஆனது. ஜப்பானியர் ராஃபிள்ஸைக் கழற்றி அருங்காட்சியகத்தில் போட்டார்கள், 1946இல்தான் அவர் திரும்பினார். போருக்குப் பின் அதே மண்டபத்தில் போர்க்குற்ற விசாரணை நடந்தது. ஜப்பானியர் சீனர்களைக் கொன்றுகுவித்த சூக் சிங் படுகொலை வழக்கு, 1947 மார்ச் 10இல் தொடக்கம், ஏப்ரல் 2இல் தீர்ப்பு. ஏழு அதிகாரிகளில் இருவருக்குத் தூக்கு, ஐவருக்கு ஆயுள். உறவுகளைப் பறிகொடுத்த சீனக் குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை, எதிர்ப்பு பலமாக எழுந்தது.

நாடகம் நடந்த இடத்தில் நீதிமன்றம் என்று எழுதிவிடாதீர்கள். வழக்கு நடந்தது நினைவு மண்டபத்தில், நாடக அரங்கில் அல்ல. மாமா சொன்னது போல இரண்டும் வேறு.

1954 நவம்பர் 21இல் மக்கள் செயல் கட்சியின் தொடக்கக் கூட்டம் நடந்ததும் நினைவு மண்டபத்தில்தான். மலாயாவிலிருந்து அரசியல் தலைவர்கள் துங்கு அப்துல் ரஹ்மானும் டான் செங் லாக்கும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நிலா டீச்சர்

எல்லாம் நினைவு மண்டபத்துக்கே போகிறது. நாடக அரங்குக்கு ஒன்று வைத்திருக்கிறேன், இதற்கு மேல் ஒன்று கிடையாது.

தேக்காவாசி அண்ணே, உங்கள் மகள் தினமும் காலையில் பள்ளித் திடலில் என்ன பாடுகிறாள்?

தேக்காவாசி

தேசிய கீதம்தான் டீச்சர். மாஜுலா சிங்கப்பூரா.

நிலா டீச்சர்

அந்தப் பாட்டு தேசிய கீதமாக எழுதப்பட்டதில்லை. விக்டோரியா நாடக அரங்கின் திறப்பு விழாவுக்காக எழுதப்பட்டது.

1951இல் சிங்கப்பூர் 'நகரம்' என்ற தகுதி பெற்றதும் நகராண்மை நகர மன்றம் ஆனது. அரங்கு அவர்கள் சொத்து. 1950களின் பிற்பாதியில் அதைப் புதுப்பிக்கும்போது, மேடைக்கு மேலே 'மாஜுலா சிங்கப்பூரா' என்ற வாசகம் வைப்பதாக முடிவு. 'முன்னேறட்டும் சிங்கப்பூர்' என்று பொருள். அந்த வாசகத்தை வைத்தே ஒரு பாட்டும் வேண்டும் என்று ஜுபிர் சயீத்திடம் கேட்டார்கள். சுமத்ராவிலிருந்து வந்தவர், கேத்தே–கெரிஸ் படக் கம்பெனியில் இசையமைப்பாளர். 1958 செப்டம்பர் 6ஆம் தேதி, அரங்கைத் திறந்த நிகழ்ச்சியின் கடைசியில் முதல்முறையாக அது ஒலித்தது.

பாடியது சிங்கப்பூர் சேம்பர் ஆன்சாம்பிள் குழு. அந்தக் குழுவை உருவாக்கி வளர்த்தவர் பெயர் கேளுங்கள்: பால் அபிஷேகநாதன். நம்மவர். பிறகு 1986இல் கலாசாரப் பதக்கம் வாங்கினார்.

மறு வருடம் தன்னாட்சி வந்தது. புதிய அரசாங்கத்துக்குக் கீதம் தேவைப்பட்டது. ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு, யாரையும் புண்படுத்தாத பாட்டு, எல்லாரும் பாடக்கூடிய மலாய் மொழி. கொஞ்சம் சுருக்கி 1959 டிசம்பர் 3ஆம் தேதி நகர மண்டபப் படிக்கட்டில் அறிமுகம் செய்தார்கள். அதே காலத்தில் நகர மன்றத்தின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. மன்றம் போய்விட்டது, பாட்டு மட்டும் நின்றது.

தேக்காவாசி

டீச்சர், இத மகளுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "அப்ப தினமும் காலையில ஒரு தியேட்டர் திறப்பு விழாவுக்குத்தான் எழுந்து நிக்கிறோமா?"ன்னு கேட்டா. நான் சிரிச்சுட்டேன். அம்மா முறைச்சாங்க.

சும்மா ஒருத்தன்

பிள்ளைக்கு இப்பவே முழு மார்க்!

மணிக்கூண்டு மாமா

அபிஷேகநாதன் பேரக் கேட்டதும் ஞாபகம் வருது, நம்ம ஆளுங்கள்ல இன்னொருத்தர். 1963 பிப்ரவரி 15. சிங்கப்பூர்ல தொலைக்காட்சி தொடங்கின ராத்திரி. நினைவு மண்டபத்துல டிவி பெட்டிகள வரிசையா வச்சு ஜனங்களக் கூப்பிட்டு உட்கார வச்சாங்க. கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம்தான் தொடங்கி வச்சார். யாழ்ப்பாணத்துல பிறந்து சிரம்பான்ல வளர்ந்தவர். எங்க அப்பா போயிருந்தார். வீட்டுக்கு வந்து, "அமைச்சர் எதுக்க நிக்கிறாரு, பெட்டிக்குள்ளயும் நிக்கிறாரு, எதப் பாக்கறதுன்னே தெரியல"ன்னு சொன்னாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. எனக்கு அப்ப ரெண்டு வயசு.

அப்புறம் 1979ல சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு வந்துச்சு. நினைவு மண்டபத்தப் புதுப்பிச்சு, 1980ல அவங்களுக்கு வீடாக் கொடுத்து, விக்டோரியா இசையரங்குன்னு பேரும் மாத்தினாங்க. 2002ல எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கற வரைக்கும் அங்கதான் வாசிச்சாங்க.

நான் வேலை பார்த்தது நாடக அரங்குல. 904 இருக்கை. நம்ம தமிழ் நாடகங்களுக்குப் பாதி நிரம்பினாலே அன்னைக்குக் கொண்டாட்டம்தான். முன் வரிசையில உறவுக்காரங்க, நடுவுல நண்பர்கள், கடைசியில உண்மையான ரசிகர் நாலு பேர். அந்த நாலு பேருக்கு வசனம் கேக்கணுமேன்னு நடிகர்கள் அடிவயித்துலேர்ந்து கத்துவாங்க. பரதநாட்டிய அரங்கேற்றம்னா மட்டும் கூட்டம் பிச்சுக்கும். மேடைக்கு ஓரத்துல ஒரு மரப்படி, ஏறும்போது ரெண்டாவது பலகை கிறீச்சுன்னு கத்தும். சோகக் காட்சியில யாராச்சும் மிதிச்சுட்டா முடிஞ்சுது கதை.

2010ல மூடினாங்க. 2014 ஜூலைல திறந்ததும் போய்ப் பார்த்தேன். வெளியே எல்லாம் அப்படியே. உள்ளே போனா என் மேடையக் காணோம். படி, பலகை, பால்கனி ஒண்ணும் இல்ல. வேற யாரோ வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருந்துச்சு. அதனாலதான் மச்சான் சொன்னது பாதி சரின்னேன்.

வரைகோல்

மாமா, மன்னிக்கணும், இதுல நான் உங்களுக்கு எதிர்க்கட்சி.

நீங்களே சொன்னீங்க, கடைசி வரிசைக்குக் கேக்கறதுக்குக் கத்தணும்னு. 904 இருக்கைங்கறது வசன நாடகத்துக்குப் பெரிய அளவு. ஓரத்துல உக்காந்தவங்களுக்குப் பாதி மேடை தெரியாது. பக்கத்துல இசையரங்கு வேற, ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல நிகழ்ச்சின்னா சத்தம் ஒண்ணுக்கொண்ணு இடையூறு. டபிள்யூ ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனம் செஞ்சது என்னன்னா, வெளி ஓட்ட வச்சுக்கிட்டு உள்ளே புதுசா ஒரு அரங்கு கட்டினது. 614 இருக்கை. இசையரங்கு 673. ரெண்டுக்கும் நடுவுல மேலேர்ந்து வெளிச்சம் விழற மாதிரி நடைக்கூடம். மொத்தச் செலவு 158 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்).

1992ல தேசிய நினைவுச்சின்னம்னு அறிவிச்ச கட்டடம், அதனால முகத்துல கை வைக்க முடியாது. ஆனா மாமா, நீங்க அழுதீங்களே அந்த உள்பக்கம், அது 1862உம் இல்ல, 1909உம் இல்ல. 1950கள்ல மாத்திக் கட்டி, அதுக்கப்புறமும் அங்கங்க கை வச்ச உள்பக்கம். உங்களுக்குப் பழசு, கட்டடத்துக்கு அது நேத்து வந்தது.

மணிக்கூண்டு மாமா

தம்பி சொல்றது மூளைக்கு ஏறுது. ரெண்டாவது பலகை ஞாபகம் வந்தா இறங்கிடுது.

வரைகோல்

ஒண்ணு தெரியுமா உங்களுக்கு? பழைய இருக்கைகளத் தூக்கிப் போடல. அதுல இருந்த மரத்தையும் வார்ப்பிரும்பையும் எடுத்து, புது நாடக அரங்கோட முன்கூடச் சுவர்ல பதிச்சிருக்காங்க. கிட்டப் போய்ப் பாருங்க. அலங்காரப் பலகைன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவாங்க எல்லாரும். அது உங்க 904 இருக்கைதான்.

மணிக்கூண்டு மாமா

நான் தாண்டித்தான் போயிருக்கேன்.

கல்லுளிமங்கன்

எனக்கு ஒரு ஐயம். 1909இல் வெளியை மாற்றி உள்ளேயும் மாற்றினார்கள். 1950களில் உள்ளே. 2014இல் மறுபடி உள்ளே. அப்படியானால் 1862இலிருந்து இன்று மிச்சம் இருப்பது என்ன? வாளுக்குப் பிடியை மாற்றி, பிறகு அலகையும் மாற்றிவிட்டு 'இது எங்கள் பாட்டன் வாள்' என்று சொல்லும் கதையாக அல்லவா இருக்கிறது?

வரைகோல்

அண்ணே, இடம் மிச்சம் இருக்கு. வேலையும் மிச்சம் இருக்கு. 1862ல எந்த இடத்துல நாடகம் பார்த்தாங்களோ அதே இடத்துலதான் இன்னைக்கும் பாக்கறோம். சுத்திப் பாருங்க: நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து தேசிய கலைக்கூடம் ஆச்சு, நாடாளுமன்றம் கலை இல்லம் ஆச்சு, அஞ்சலகம் இருந்த ஃபுல்லர்டன் ஹோட்டல் ஆச்சு, எம்பிரஸ் பிளேஸ் அரசாங்க அலுவலகம் அருங்காட்சியகம் ஆச்சு. எல்லாம் முகத்தக் காப்பாத்திக்கிட்டு வேலைய விட்டுடுச்சு. நாடக அரங்கு ஒண்ணுதான் முகத்த மாத்திக்கிட்டு வேலைய விடல.

கல்லுளிமங்கன்

இதை ஒத்துக்கொள்கிறேன். அலுவலகம் மட்டும்தான் 1893இல் போனது. மேடை போகவில்லை.

சும்மா ஒருத்தன்

கல்லுளிமங்கன் ஒத்துக்கிட்டாரா! தேதி குறிச்சு வைங்கப்பா.

தேக்காவாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மக எழுதி முடிச்சுட்டா. முதல் வரிய மூணு தரம் அடிச்சுட்டு இப்படி வச்சிருக்கா:

"இக்கட்டடத்தின் மூத்த பாதி 1862இலும் இளைய பாதி 1905இலும் கட்டி முடிக்கப்பட்டன. 1909இல் மூத்தது இளையதைப் போல வேடம் போட்டுக்கொண்டது; இன்னும் கலைக்கவில்லை."

டீச்சர், 'வேடம்' சரியா இருக்கா? மச்சான் 'உடை'ன்னு போடச் சொல்றான்.

நிலா டீச்சர்

'வேடம்' இருக்கட்டும். மச்சானைக் கட்டுரைப் பக்கம் விடாதீர்கள். 1958 எங்கே வருகிறது?

தேக்காவாசி

அதுக்குத் தனியா ஒரு பக்கம் எழுதியிருக்கா. ரெண்டு பக்கம் சொன்னாங்க, இவ மூணரை எழுதியிருக்கா. வெட்டணும். ஜப்பான் நேரத்த வெட்டலாமான்னு கேட்டேன், கூடாதாம்.

மணிக்கூண்டு மாமா

யானைய வெட்டாம இருந்தா சரி. தம்பி, ஞாயித்துக்கிழமை பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்களேன். எனக்கும் அந்த முன்கூடச் சுவரப் பாக்கணும். தனியாப் போனா எந்தப் பலகைன்னு எனக்குத் தெரியாது, வரைகோல் தம்பி வந்தாத்தான் காட்ட முடியும்.

வரைகோல்

வர்றேன் மாமா. நாலு மணிக்கு மேல வெயில் தாழ்ந்துடும். யானைகிட்ட நில்லுங்க.

சும்மா ஒருத்தன்

எந்த இடத்து யானை? 1872ஆ, 1919ஆ?